வைரஸ் வழி வரும் புற்றுநோய்: மும்பையில் இருக்கும் தமிழ்க் குடும்பம் எதை, எப்போது செய்துகொள்வது

ஒரு நோட்டுப் புத்தகத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், பிறந்த வருடம். கீழே மூன்று கேள்வி. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி எத்தனை டோஸ் போட்டிருக்கிறது, எந்தத் தேதிகளில்? ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் என்றைக்காவது ரத்தம் பார்த்ததுண்டா, ரிசல்ட் என்ன? பெண்ணாக இருந்தால், எச்.பி.வி. தடுப்பூசியோ கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையோ நடந்திருக்கிறதா? தாராவியானாலும் செம்பூரானாலும் முலுண்டானாலும், பெரும்பாலான வீடுகளில் குழந்தைகளின் பக்கம்தான் நிரம்பும். அப்பா, அம்மா, பாட்டி பக்கங்கள் வெள்ளையாகவே கிடக்கும். அவற்றை எப்படி நிரப்புவது என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

உலகத்தில் வரும் புற்றுநோய்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்றுக்குப் பின்னால் ஏதாவது ஒரு கிருமித் தொற்று இருக்கிறது. இதில் இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் என்ற பாக்டீரியாவும் சேர்த்தி. மீதியில் பெரும்பங்கு வைரஸுக்கு. கர்ப்பப்பை வாய்க்கு எச்.பி.வி. என்ற ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் பி-யும் சி-யும். காசும் நேரமும் செலவழிக்க வேண்டியது முதலில் இந்த மூன்றுக்கு. புற்றுநோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது, வைரஸ் தொற்றும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிறார்கள்.

உள்ளே போன வைரஸ் என்ன செய்கிறது

தொற்று வந்த நாளுக்கும் புற்றுநோய் வரும் நாளுக்கும் நடுவே பத்து, இருபது, சிலருக்கு முப்பது வருடம்கூட ஓடும். அந்த இடைவெளியில் உள்ளே நடப்பது தெரிந்தால், எந்தப் பரிசோதனை எதற்கு என்பது தானாகவே புரியும்.

எச்.பி.வி. மிகச் சின்ன வைரஸ், மொத்தமே எட்டு ஜீன். தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளச் சொந்தமாக எந்திரம் கிடையாது. பிரிந்துகொண்டிருக்கும் மனித செல்லுக்குள் ஓடும் எந்திரத்தைத்தான் அது இரவல் வாங்க வேண்டும். சவ்வில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாக அடி வரிசை செல்லுக்குள் நுழைகிறது. அந்த செல் மேலே ஏற ஏறப் பிரிவதை நிறுத்திவிடும், அது இயற்கை. வைரஸுக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே ஈ6, ஈ7 என்று இரண்டு புரதங்களை இறக்குகிறது. ஈ7, ஆர்.பி. என்ற பிரேக்கைப் பிடுங்கிவிடும். செல் நிற்காமல் பிரியும். ஈ6 போய் பி53 என்ற புரதத்தை அழிக்கும். மரபணுவில் அடிபட்டிருந்தால் 'பழுது பார், இல்லை செத்துப் போ' என்று செல்லுக்கு உத்தரவு போடுவது இந்த பி53தான். பிரேக்கும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை என்றானால் ஒவ்வொரு பிரிவிலும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

சாதாரணத் தொற்றில் ஈ2 என்ற இன்னொரு ஜீன் இந்த இரண்டையும் அடக்கி வைத்திருக்கும். வருடக்கணக்கில் தொற்று நீடித்தால், வைரஸின் மரபணு உடைந்து மனித மரபணுவுக்குள் ஒட்டிக்கொள்வது உண்டு. உடைவது பல சமயம் ஈ2 இருக்கும் இடத்தில். அதோடு கட்டு அவிழ்ந்துவிடும்.

ஏன் கர்ப்பப்பை வாய்? உள்ளே ஒரு மாதிரிச் சவ்வு, வெளியே வேறு மாதிரிச் சவ்வு; இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோடு அங்கே இருக்கிறது. அந்தக் கோட்டில் செல்கள் எப்போதும் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறிக்கொண்டிருப்பதால் வைரஸுக்கு வசதி. டாக்டர் பிரஷ்ஷால் சுரண்டி எடுப்பதும், வினிகர் தடவிப் பார்ப்பதும் இந்தக் கோட்டைத்தான்.

கல்லீரலில் நடப்பது வேறு. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கல்லீரல் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. வைரஸ் புகுந்த செல்லை நம் நோய் எதிர்ப்பு அணுக்களே கொல்கின்றன. செத்த இடத்தை நிரப்பப் புது செல் பிரிகிறது, அதையும் கொல்கின்றன. இப்படியே இருபது வருடம் போனால் பிரதி எடுப்பதில் பிழையும் சேரும், தழும்பும் கட்டும். அந்தத் தழும்பு முற்றியதுதான் சிரோசிஸ். இதோடு பி வைரஸ் தன் மரபணுவைக் கல்லீரல் செல்லின் மரபணுவில் சொருகியும் விடுவதால், சிரோசிஸ் வராமலே நேரே புற்றுநோய் வருவதும் உண்டு. சி வைரஸ் அப்படிச் சொருகாது; பெரும்பாலும் தழும்பு வழியாகத்தான் வரும். அதனால்தான் பி உள்ளவருக்கு 'சிரோசிஸ் இல்லையே' என்று ஸ்கேனை விட்டுவிட முடியாது.

ஹெபடைட்டிஸ் பி: முதலில் ரத்தம், அப்புறம் ஊசி

மும்பையில் மழைக்காலம் வந்தால் காமாலை வரும். இந்தியில் பீலியா, மராத்தியில் காவீள். தண்ணீரால் வரும் அந்தக் காமாலை ஹெபடைட்டிஸ் ஏ அல்லது ஈ. அவற்றால் புற்றுநோய் வருவதில்லை. 'எனக்குச் சின்ன வயசிலேயே காமாலை வந்து போயிடுச்சு' என்பதை வைத்து பி-யைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. குழந்தையில் பி தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குக் கண் மஞ்சளானதே கிடையாது. அந்த வயதுத் தொற்றுதான் ஆபத்தும்கூட: பிறந்தவுடன் தாயிடமிருந்து தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும், பெரியவருக்குத் தொற்றினால் 100-ல் 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்கும்.

இந்த ஊசி அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் நாடு முழுக்க வந்தது 2011-12-ல். அதற்கு முன் பிறந்தவர்களில் தனியார் கிளினிக்கில் போட்டவர்களுக்கு மட்டும்தான் உண்டு. 1990-க்கு முன் பிறந்தவர் என்றால் 'போடவில்லை' என்று வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள்.

லேபில் கேட்க வேண்டியது மூன்று: எச்.பி.எஸ்.ஏ.ஜி. (வைரஸ் இப்போது இருக்கிறதா), ஆன்ட்டி எச்.பி. கோர் டோட்டல் (என்றைக்காவது தொற்றியதா), ஆன்ட்டி எச்.பி.எஸ். (பாதுகாப்பு இருக்கிறதா). முதலாவதைச் சில லேபுகள் இன்னும் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று போடுகின்றன. பரூக் பிளம்பர்க் அதை முதலில் கண்டது ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில். அதற்கு அவருக்கு 1976-ல் நோபல் கிடைத்தது. கையில் காசு குறைவென்றால் முதலாவதை மட்டுமாவது பாருங்கள். சாப்பிட்டுவிட்டே ரத்தம் கொடுக்கலாம்.

மூன்றும் நெகட்டிவ் என்றால் வைரஸும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. ஊசி போட வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்: 'நெகட்டிவ்' என்று பார்த்ததும் ஃபைலை மூடிவிடுவார்கள். ஆன்ட்டி எச்.பி.எஸ். மட்டும் 10 மில்லி யூனிட்டுக்கு மேல் இருந்தால் ஊசியால் வந்த பாதுகாப்பு. கோரும் ஆன்ட்டி எச்.பி.எஸ்.ஸும் பாசிட்டிவ், எச்.பி.எஸ்.ஏ.ஜி. நெகட்டிவ் என்றால் எப்போதோ தொற்றி ஆறிவிட்டது. ஆனாலும் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். பின்னாளில் கீமோதெரபியோ, நீண்ட நாள் ஸ்டீராய்டோ, ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்தோ கொடுக்க நேர்ந்தால், கல்லீரலுக்குள் தூங்கும் வைரஸ் எழுந்துகொள்ளலாம். டாக்டருக்கு முன்கூட்டியே தெரிந்தால் தடுப்பு மாத்திரை கொடுப்பார்.

பெரியவர்களுக்கு ஊசி மூன்று: இன்று, 1 மாதம் கழித்து, 6-வது மாதம். ஒரு டோஸ் 1 மில்லி, 20 மைக்ரோகிராம். மேல் கைத் தசையில்தான் போட வேண்டும். இடுப்புக்குக் கீழே பின்புறத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி பாதுகாப்பு சரியாக வராது. ஊர்ப் பழக்கத்தில் கம்பவுண்டர் 'கையில வலிக்கும்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரத்தம் கொடுத்த அன்றே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் வரிசை முக்கியம். முதலில் ரத்தம், பிறகு ஊசி. மாற்றிச் செய்தால் ஊசியில் இருக்கும் புரதமே மூன்று வாரம் வரை எச்.பி.எஸ்.ஏ.ஜி.யைப் போலியாக பாசிட்டிவ் காட்டி, வீட்டையே கலங்கடித்துவிடும்.

மருந்துக் கடையில் நீங்களே வாங்கிக்கொண்டு போவதானால் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலை எல்லோரும் கவனிக்கிறார்கள். உண்மையில் அதிகம் கெடுப்பது ஐஸ். ஐஸ்கட்டிப் பையோடு மருந்து நேரே ஒட்டியிருந்தால் உறைந்துபோகும். உறைந்து உருகிய ஊசி பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பயன் இல்லை. அலுமினியம் கலந்த எல்லாத் தடுப்பூசிக்கும், எச்.பி.வி.க்கும், இதே கதைதான். நடுவில் காகிதமோ துணியோ சுற்றி வாங்குங்கள்.

கால அட்டவணை போடும்போது மே மாதத்தை மறக்காதீர்கள். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனால் ஊசி தள்ளிப்போகும். ஜூன் நடுவில் பள்ளி திறந்ததும் முதல் டோஸ், ஜூலையில் இரண்டாவது, டிசம்பரில் மூன்றாவது என்று வைத்தால் மூன்றுமே மும்பையில் முடியும், பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் முன்பே. தள்ளிப்போய்விட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கடைசி ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ஆன்ட்டி எச்.பி.எஸ். பார்ப்பது எல்லோருக்கும் அவசியமில்லை. மருத்துவமனையில் வேலை செய்பவர், டயாலிசிஸில் இருப்பவர், பாசிட்டிவ் உள்ளவரின் கணவன் அல்லது மனைவி கட்டாயம் பார்க்க வேண்டும்.

எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாசிட்டிவ் வந்தால்

கல்ஃப் வேலைக்கு மெடிக்கல் எடுக்கும்போது 'அன்ஃபிட்' என்று வந்த பிறகுதான் பலருக்கு இது முதன்முதலாகத் தெரியும். வேலை போன துக்கத்தில் ரிப்போர்ட்டை டிரங்குப் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். பத்து வருடம் கழித்து வயிறு வீங்கி வரும்போது அது வெளியே வரும்.

செய்ய வேண்டியது: ஹெச்.பி.வி. டி.என்.ஏ. வைரல் லோட் (ரத்தத்தில் எவ்வளவு வைரஸ்), எச்.பி.இ.ஏ.ஜி. (வைரஸ் வேகமாகப் பெருகுகிறதா), எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல் அடிபடுகிறதா), பிளேட்லெட், வயிற்று ஸ்கேன், முடிந்தால் கல்லீரல் தழும்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன். லேப் சீட்டில் ஓர் எச்சரிக்கை: ஹெபடைட்டிஸ் பி வைரஸையும் ஹெச்.பி.வி. என்றே சுருக்குவார்கள், கர்ப்பப்பை வாய் வைரஸுக்கும் தமிழில் அதே ஒலி வருகிறது. நடுவெழுத்து B-யா, P-யா என்று குழம்பாமல் 'ஹெபடைட்டிஸ் பி வைரல் லோட்' என்று முழுதாகச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து எச்.பி.எஸ்.ஏ.ஜி.யைத் திரும்பப் பாருங்கள். அப்போதும் பாசிட்டிவ் என்றால் தங்கிவிட்டது என்று பொருள். எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்பதால் மட்டும் விட்டுவிடக் கூடாது. அந்த எண் நார்மலாக இருக்கும்போதே தழும்பு கட்டிக்கொண்டிருக்கலாம்.

எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டால் டெனோஃபோவிர் அல்லது என்டெகாவிர், தினமும் ஒன்று, பெரும்பாலும் வருடக்கணக்கில். 2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சயான், கே.இ.எம்., நாயர், ஜே.ஜே. போன்ற பெரிய மருத்துவமனையில் கேஸ் பேப்பர் எடுக்கும்போதே 'ஹெபடைட்டிஸ் பி-க்கு இலவச மருந்து எந்த ஓ.பி.டி.யில்' என்று விசாரியுங்கள். வைரல் லோட் 'காணவில்லை' என்று வந்த சந்தோஷத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் மிகப் பெரிய தப்பு. நிறுத்திய சில மாதங்களில் வைரஸ் ஒரே பாய்ச்சலாகத் திரும்பி, கல்லீரல் செயலிழந்து போனவர்கள் உண்டு. ஊருக்குப் போகும்போது ஒரு மாதத்துக்குக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் அல்ட்ராசவுண்ட், கூடவே ஏ.எஃப்.பி. என்ற ரத்தப் பரிசோதனை. சிரோசிஸ் உள்ள எல்லோருக்கும் வேண்டும். சிரோசிஸ் இல்லாவிட்டாலும் 40 தாண்டிய ஆண், 50 தாண்டிய பெண், வீட்டில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் வந்திருந்தவர் என்றால் வேண்டும். 6 மணி நேரம் வெறும் வயிற்றோடு போனால் படம் தெளிவாக வரும். வருடத்துக்கு ஒரு முறை போதாதா என்று கேட்பார்கள். 2 சென்டிமீட்டரில் பிடித்தால் வெட்டவோ சுட்டு அழிக்கவோ முடிகிற கட்டி, ஒரு வருடத்தில் அந்த எல்லையைத் தாண்டிவிடலாம். ஆறு மாதக் கணக்கு வந்தது அதனால்தான்.

வீட்டில் மற்றவர்களுக்கும் பாருங்கள்: கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், அம்மா, கூடப் பிறந்தவர்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ இது தொற்றாது. ரத்தத்தாலும் உடலுறவாலும் தொற்றும். காய்ந்த ரத்தத்திலும் வைரஸ் 7 நாளாவது உயிரோடு இருக்கும் என்பதால் ரேசர், டூத் பிரஷ், நகவெட்டி தனித்தனி. சலூனில் பிளேடை உங்கள் கண்முன் காகிதம் பிரித்து, இரண்டாக உடைத்துச் சொருகுகிறாரா என்று பாருங்கள். ஏற்கெனவே கத்தியில் மாட்டியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். குலதெய்வம் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போடும்போதும் காது குத்தும்போதும் இதே கண்டிப்பு வேண்டும். ஒரு பந்தலில் ஐந்து பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அன்றுதான் பிளேடு மாறாமல் போகும்.

கர்ப்பிணிக்கு பாசிட்டிவ் என்றால் பிரசவம் வரை காத்திருக்காதீர்கள். வைரல் லோட் 2 லட்சம் யூனிட்டுக்கு மேல் இருந்தால் 28-வது வாரம் போல டெனோஃபோவிர் தொடங்குவார்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியின் முதல் டோஸ், 12 மணி நேரத்துக்குள்ளானால் இன்னும் நல்லது. கூடவே மற்றத் தொடையில் இம்யூனோகுளோபுலின் என்ற தனி ஊசி. அந்த இரண்டாவது ஊசி பிரசவம் நடக்கும் இடத்தில் இருப்பில் இருக்கிறதா என்று 9-வது மாதமே கேட்டு வையுங்கள். இரண்டும் போட்ட பிறகு தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1988-ல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்ததாக லான்செட் இதழில் வெளியானது. மேலே சொன்ன பிளம்பர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். ஆனால் பின்னர் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாட்டி மோரில் அரைத்துக் கொடுத்தால் சண்டை போட வேண்டாம். டெனோஃபோவிரை நிறுத்திவிட்டு அதை மட்டும் குடிப்பதைத்தான் தடுக்க வேண்டும்.

இன்னொன்று நிலக்கடலை. பூஞ்சை பிடித்த கடலையிலும் சோளத்திலும் அஃப்லாடாக்ஸின் என்ற விஷம் ஊறும். அது கல்லீரல் செல்லில் அதே பி53 ஜீனைத்தான் கெடுக்கிறது. பி வைரஸ் ஏற்கெனவே இருப்பவருக்கு இரண்டும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. ஜூலை மழையில் டப்பாவில் கடலை நமத்து, தோலில் பச்சையோ சாம்பலோ படிந்து, மென்றால் கசக்கும். வறுத்தாலும் சட்னியாகத் தாளித்தாலும் அந்த விஷம் முழுதாகப் போகாது. நல்லதைப் பொறுக்கி எடுக்காமல் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் கால் கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். மது இதைவிடப் பெரிய எதிரி, பி இருப்பவருக்கு 'கொஞ்சம்' என்ற அளவே கிடையாது.

ஹெபடைட்டிஸ் சி

இதற்குத் தடுப்பூசி இல்லை, குணமாக்கும் மாத்திரை உண்டு. 2000-களின் தொடக்கத்துக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர், டயாலிசிஸில் இருப்பவர், ஊசி திரும்பத் திரும்பப் பயன்படுத்திய இடத்தில் வைத்தியம் பார்த்தவர், எங்கேயோ பச்சை குத்திக்கொண்டவர் ஒரு முறை ஆன்ட்டி எச்.சி.வி. பார்க்க வேண்டும். பாசிட்டிவ் என்றால் அடுத்தது எச்.சி.வி. ஆர்.என்.ஏ.; அதுவும் இருந்தால்தான் வைரஸ் இப்போது இருக்கிறது. சிரோசிஸ் இல்லாதவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் டக்ளாடாஸ்விர் 60 மில்லிகிராமும் தினம் ஒரு வேளை, 12 வாரம். 100-ல் 95 பேருக்குக் குணமாகிறது. தொடங்கும் முன் பி-யையும் பார்த்தாக வேண்டும், சி அடங்கும்போது பி தலைதூக்கலாம். முடிந்து 12 வாரம் கழித்து ஆர்.என்.ஏ. பார்த்து உறுதி செய்யுங்கள். ஆன்ட்டி எச்.சி.வி. ஆயுள் முழுக்க பாசிட்டிவாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம். சிரோசிஸ் வந்த பிறகு குணமானவர் ஆறு மாத ஸ்கேனை நிறுத்தக் கூடாது.

கர்ப்பப்பை வாய்

9 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைக்கு எச்.பி.வி. ஊசி 2 டோஸ், 6 மாத இடைவெளி. 15 ஆகிவிட்டால் 3 டோஸ்: 0, 2, 6 மாதம். 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸே போதும் என்று ஏற்றுக்கொண்டது. அதற்கு வலுச் சேர்த்தது இந்தியாவில் நடந்த ஆய்வு: ஒரே டோஸ் போட்டுக்கொண்ட பெண்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்ததில், எச்.பி.வி.யில் மிக ஆபத்தான 16, 18 வகைகளின் தொற்று தங்குவதை அது 95 சதவீதம் தடுத்திருந்தது. ஆகவே இரண்டாவது டோஸுக்குக் காசில்லை என்று முதலாவதையும் போடாமல் விடுவது நஷ்டம். எச்.ஐ.வி. உள்ள பிள்ளைக்கு மட்டும் எந்த வயதானாலும் மூன்று.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 10-ல் 7 இந்த 16, 18 வகைகளால் வருவது. சீரம் நிறுவனத்தின் செர்வாவாக், இறக்குமதியாகும் கார்டசில் எல்லாவற்றிலும் இரண்டும் உண்டு. கார்டசில் 9-ல் இன்னும் ஐந்து ஆபத்தான வகைகள் கூடுதல், விலையும் பல மடங்கு. உள்நாட்டு ஊசியை இரண்டு பிள்ளைகளுக்குப் போடுவது, விலை கூடியதை ஒரு பிள்ளைக்குப் போடுவதைவிட மேல். ஆண்பிள்ளைக்கும் போடலாம்; காசு அளவாக இருந்தால் பெண்பிள்ளைக்கு முதலில். ஊசி போட்டதும் 15 நிமிடம் உட்கார வையுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் ஊசிக்குப் பின் மயங்கி விழுவது சகஜம். டப்பாவின் பேட்ச் ஸ்டிக்கரை நோட்டில் ஒட்டுங்கள்.

ஏற்கெனவே உள்ள தொற்றை இந்த ஊசி விரட்டாது. 30 தாண்டிய அம்மா ஊசிக்குச் செலவழிப்பதைப் பரிசோதனைக்குச் செலவழித்தால் பலன் அதிகம்.

பரிசோதனை மூன்று வகை. எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட்தான் இருப்பதில் சிறந்தது. 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை போதும். மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் (இப்போது தாராசிவ்) மாவட்டத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வில், இதை ஒரே ஒரு முறை செய்ததிலேயே சாவு பாதியாகக் குறைந்தது. இது ரத்தப் பரிசோதனை இல்லை, பிரஷ்ஷால் எடுப்பது. கூச்சப்படுபவர் தானே எடுத்துக் கொடுக்கும் கிட்டும் இருக்கிறது. பாப் ஸ்மியர், அதாவது சுரண்டி எடுத்த செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது, 3 வருடத்துக்கு ஒன்று. கண்ணாடியில் தடவியதை உடனே ஆல்கஹாலில் போடாவிட்டால் செல்கள் காய்ந்து 'அன்சாட்டிஸ்ஃபேக்டரி' என்று ரிப்போர்ட் வரும். அதற்கு நார்மல் என்று அர்த்தமில்லை, மறுபடி எடுக்க வேண்டும்.

மூன்றாவது வி.ஐ.ஏ. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகர் மாதிரியானதை, பஞ்சில் நனைத்துத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார்கள். மாறத் தொடங்கிய செல்களில் புரதம் அடர்த்தி என்பதால் எல்லைக்கோட்டை ஒட்டி வெள்ளைத் திட்டு எழும்பும். ரிசல்ட் அங்கேயே, அப்போதே. பரேலின் டாடா மெமோரியல் மருத்துவமனை, மும்பை குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து இதைச் சோதித்தது. பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பத்தாவது படித்து 4 வாரம் பயிற்சி பெற்ற பெண்கள். சாவு 31 சதவீதம் குறைந்தது. அதற்கு முன்பே நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நர்ஸுகள் செய்த ஆய்வில் 35 சதவீதம் குறைந்திருந்தது. மாதவிலக்கு நின்ற பிறகு அந்த எல்லைக்கோடு உள்ளே இழுத்துக்கொள்வதால் வி.ஐ.ஏ. சரிப்படாது. 55 வயது அம்மாவை 'வினிகர் டெஸ்ட் நார்மல்' என்று அனுப்பினால் எச்.பி.வி. டெஸ்ட் கேளுங்கள்.

மாதவிலக்கு தொடங்கிய 10-வது நாளிலிருந்து 20-வது நாளுக்குள் போவது நல்லது. முந்தைய 2 நாள் உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீம், உள்ளே கழுவுவது எதுவும் வேண்டாம். கவுண்டரில் இந்தி தடுமாறினால் 'பச்சேதானி கே மூஹ் கா டெஸ்ட்' என்று சொன்னால் புரியும். உள்ளே பார்ப்பதற்காக விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காமல் வாயால் விட்டால் வலி குறையும். புடவையோ சுடிதார் டாப்ஸோ போட்டுக்கொண்டு போனால் இடுப்புவரை மூடியபடியே பார்க்கலாம்.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் இல்லை. தொற்றியவர்களில் 10-ல் 9 பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். உடலுறவு வழியாகத் தொற்றுவதுதான் என்றாலும் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது; பல வருடம் அமுங்கிக் கிடந்தும் தெரியலாம். ஆகவே அந்தச் சீட்டை வைத்துப் புருஷன் பெண்டாட்டி சண்டை வேண்டாம். 16 அல்லது 18 என்றால் நேரே கால்போஸ்கோபி, அதாவது அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது. மற்ற வகை என்றால் வி.ஐ.ஏ. அல்லது பாப் பார்த்துத் தீர்மானிப்பார்கள். பயாப்ஸியில் (சிறு சதைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பது) சி.ஐ.என். 1, அதாவது புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தின் முதல் படி, வந்தால் பொதுவாகக் கண்காணிப்பு மட்டும். 2, 3 என்றால் சிகிச்சை: சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கிய முனையை அரை நிமிடம் போல வைத்துக் கருக்குவது, அல்லது லீப் என்ற கம்பி வளையத்தால் அந்த இடத்தைச் சீவி எடுப்பது. கருக்குவதற்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி தேவைப்படாது, சீவி எடுப்பதற்கு அந்த இடத்தில் போடுவார்கள். இரண்டிலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். அதன்பின் ஒரு மாதம் உறவு வேண்டாம். 12-வது மாதம் மறுபரிசோதனை.

'வெள்ளைப்படுதல் இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் கேன்சர் பயமே இல்லை' என்று யாராவது சொன்னால் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். ரிப்போர்ட் இல்லாமல் சம்மதக் கையெழுத்து போடாதீர்கள். 'இன்ஃப்ளமேட்டரி ஸ்மியர்' என்பது வெறும் அழற்சி, அதற்காகக் கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்று வருடங்கள் கழித்து ரத்தம் என்றால் மட்டும் மேலே சொன்ன கால அட்டவணை எதுவும் பொருந்தாது, அந்த வாரமே போக வேண்டும்.

மற்றவை

எச்.ஐ.வி. தானாக செல்லை மாற்றுவதில்லை. காவலைக் குறைத்து மற்ற வைரஸுகளுக்கு வழி விடுகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபத்து 6 மடங்கு. 15, 20 வருடம் எடுக்கும் மாற்றம் 5, 10 வருடத்தில் நடந்துவிடலாம். அதனால் 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை. ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கப் போகும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் 100-ல் 90 பேருக்கு மேல் உடம்பில் உண்டு. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயில் சில வகைகளுக்கும், நாகாலாந்தில் அதிகம் காணும் மூக்குத் தொண்டைப் புற்றுநோய்க்கும் அதற்குத் தொடர்பு இருக்கிறது. ஆனால் தடுப்பூசியும் இல்லை, 'இருக்கிறது' என்று தெரிந்து செய்யவும் ஒன்றுமில்லை. லேபுகள் விற்கும் 'கேன்சர் பேக்கேஜில்' இந்த மாதிரி ஆன்ட்டிபாடியும், சி.ஏ. 125-உம், ஆரோக்கியமானவருக்கு ஏ.எஃப்.பி.யும் சேர்த்திருப்பார்கள். அதையெல்லாம் அடித்துவிடச் சொல்லுங்கள். அந்தப் பணத்தில் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்துவிடலாம்.